“நாளையிலிருந்தே வர்றேன்” என்கிறார் விரல் போனவர்

கேள்வி: கோவை கணபதி பக்கம் சின்னதாக ஒரு பிரஸ் ஷாப், அதாவது தகடு அடிக்கும் பட்டறை, வைத்திருக்கிறேன். மோட்டார், பம்ப் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கிறோம். மொத்தம் 22 பேர். 14 வருடமாக என்னிடம் இருக்கும் ஆபரேட்டருக்கு மூன்று மாதம் முன்பு பவர் பிரஸ்ஸில் வலது கை மாட்டி, ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவும் நடுவிரலில் ஒரு கணுவும் போய்விட்டன. இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் நடக்கிறது, பணமும் வருகிறது. வேலைக்குப் போகலாம் என்ற ஃபிட்னஸ் சான்றை டாக்டர் இன்னும் தரவில்லை. ஆனால் இவரோ ஒரு மாதமாகத் தினமும் காலை எட்டரைக்கு கேட்டில் வந்து நிற்கிறார். “வீட்ல உட்கார முடியலைங்ணா, நாளையிலிருந்தே வர்றேன், கணக்குல காட்டாம கையில குடுங்க போதும், அதே பிரஸ்லயே உட்கார்றேன்” என்கிறார். அவர் மனைவி என் வீட்டம்மாவுக்கு போன் போட்டு, “அவரைச் சேர்த்துக்காதீங்கக்கா” என்று அழுகிறார். சூப்பர்வைசர், ஒரு தொகையைக் கொடுத்து எழுதி வாங்கி அனுப்பிவிடலாம் என்கிறார். அந்த பிரஸ்ஸில் இப்போது வேறொரு பையன் உட்கார்ந்திருக்கிறான். இவருக்குக் கணக்கில் சம்பளம் 13,000, கையில் கொடுப்பதும் சேர்த்து 19,500. எடுக்கலாமா, கூடாதா? எடுத்தால் என்ன வேலை, என்ன சம்பளம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

ஐயா, உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது, இவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்றுதான் எனக்கும் தோன்றியது. வேலையில் பட்ட காயத்துக்கு இ.எஸ்.ஐ. தரும் தற்காலிக ஊனப்படி, சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். ஞாயிறு, பண்டிகை என்று கழிக்காமல் எல்லா நாளுக்கும் தருவார்கள். சாதாரண நோய்க்கு வரும் 70 சதவீதப் பணத்துக்கு 91 நாள் கெடு உண்டு. இதற்கு அந்தக் கெடு இல்லை, டாக்டர் முடித்துக் கொடுக்கும்வரை வரும். அப்படியிருக்க, ஆறாத கையோடு ஒருவர் எட்டரை மணிக்கு கேட்டில் வந்து நிற்பானேன்?

விடை, கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய இரண்டு எண்களில் இருக்கிறது. கணக்கில் 13,000. மொத்தம் 19,500.

பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். மாதம் 26 நாள் வேலை என்றால் கணக்குப்படி தினக்கூலி 500. அதில் 90 சதவீதம் 450. முப்பது நாளுக்கு 13,500. இதுதான் இப்போது அவர் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. ஆனால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது 19,500, ஓ.டி. பார்த்த மாதங்களில் அதற்கும் மேலே. ஆக மாதம் 6,000 ரூபாய் துண்டு விழுகிறது. உள்ளதை உள்ளபடி பதிந்திருந்தால் தினக்கூலி 750, ஊனப்படி 675, மாதத்துக்கு 20,250. சம்பளத்தைவிடச் சற்றுக் கூடவே வந்திருக்கும். அந்தப் பணம் வந்திருந்தால் அவர் உங்கள் கேட்டுக்கு வந்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

மறைத்த 6,500 ரூபாய்க்கு இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம். மாதம் 211 ரூபாய். பி.எஃப். பங்கையும் 15,000 ரூபாய் சம்பள வரம்புவரை சேர்த்துப் பார்த்தாலும் ஐந்நூறைத் தொடாது. குத்திக்காட்டச் சொல்லவில்லை. இந்த ஊரில் நான் கணக்குப் பார்க்கப் போன பட்டறைகள் பலவற்றில் இதே கதைதான், ஆடிட்டரே சொல்லிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் இவருடைய அவசரத்தை விசுவாசம் என்றோ பிடிவாதம் என்றோ நீங்கள் எடுத்துக்கொண்டால், அடுத்து எடுக்கிற முடிவெல்லாம் தப்பாகவே போகும். குழுக் கடனோ சீட்டுத் தவணையோ அவர் தலைக்கு மேல் நிற்கும். கேட்டுப் பாருங்கள்.

இந்தத் துண்டு இத்தோடு முடிவதுமில்லை. வைத்தியம் முடிந்ததும் மெடிக்கல் போர்டு கையைப் பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று முடிவு செய்யும். அதற்குச் சட்டத்திலேயே அட்டவணை உண்டு: ஆள்காட்டி விரலில் இரண்டு கணு 11 சதவீதம், நடுவிரலில் ஒரு கணு 7 சதவீதம். கூட்டினால் 18. போர்டும் அப்படியே எழுதினால், இன்றைய பதிவுப்படி 450 ரூபாயில் 18 சதவீதம், அதாவது நாளைக்கு 81 ரூபாய், மாதம் சுமார் 2,430 நிரந்தர ஊனப்படியாக அவருக்கு ஆயுள்வரை வரும். சரியான சம்பளத்தைப் பதிந்திருந்தால் நாளைக்கு 121 ரூபாய் 50 காசு, மாதம் சுமார் 3,645. மாதம் 1,215 ரூபாய் வித்தியாசம், அவர் உயிரோடு இருக்கும்வரை.

இதற்கு இப்போது என்ன செய்வது? பழைய சம்பளப் பதிவேட்டைக் கிழித்துப் பின்தேதியிட்டு எழுத மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். வித்தியாசத்துக்கான சந்தாவை நீங்களே முன்வந்து கட்டுவது பற்றி, நல்ல ஆலோசகரைக் கூட்டிக்கொண்டு இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் பேசுங்கள். வட்டி வரும், தண்டத் தொகையும் வரும், தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அது ஒரு பக்கம் நடக்கட்டும். இந்த மாதத்திலிருந்து ஃபிட்னஸ் வரும்வரை அந்த 6,000 ரூபாயை உதவித்தொகை என்று வவுச்சர் போட்டு அவர் வீட்டுக்குக் கொடுங்கள். சம்பளத்தோடு கூடிய விடுப்பு என்று எழுதிவிடாதீர்கள். அப்படி விடுப்புச் சம்பளம் வாங்கிய நாளுக்கு ஊனப்படி கிடையாது. மற்ற 21 பேரின் சம்பளத்தையும் இந்த மாதமே முழுசாகப் பதிவுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த விரல் யாருடையதென்று நமக்குத் தெரியாது.

கணக்கில் காட்டாமல் வேலை தரச் சொல்கிறாரே, அதற்கு ஒரே பதில்தான்: முடியாது. வேலை செய்த நாளுக்கு ஊனப்படி வாங்கக்கூடாது. வாங்கினால் அது பொய்க் கணக்கு. மாட்டுவது நீங்கள் மட்டுமல்ல, அவரும்தான். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வேலை செய்ய முடியாதவர் என்று டாக்டர் எழுதி வைத்திருக்கும் ஒருவர், வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாமல், உங்கள் கூரைக்குக் கீழே இன்னொரு விரலை இழந்தால் அதை எந்த விபத்தென்று எந்தத் தாளில் எழுதுவீர்கள்? அவருக்கும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம், முழுச் சுமையும் உங்கள் தலையில் விடியும்.

சூப்பர்வைசரின் யோசனையையும் அங்கேயே விட்டுவிடுங்கள். தற்காலிக ஊனப்படி வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாதென்று 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. (2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது இ.எஸ்.ஐ.யும் அவற்றில் ஒன்றுக்குள் போய்விட்டது. எனக்குப் பழைய பிரிவு எண்தான் வாயில் வருகிறது.) கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஒருவர் போட்டுக் கொடுக்கும் ராஜினாமா கையெழுத்து, நாளைக்கு லேபர் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவே பேசும். ஊனமான ஊழியரை நீக்கக்கூடாது, பதவி குறைக்கக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது அரசு நிறுவனங்களுக்குத்தான், நமக்கில்லை என்று சூப்பர்வைசர் வாதாடலாம். அது உண்மைதான். அதனால் உங்களுக்குக் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இனி, எடுக்கலாமா என்ற கேள்வி. எடுங்கள். ஆனால் டாக்டர் தாள் வந்த பிறகு.

இந்த டாக்டர் தாளில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் கூட்டம் தெருவரை நிற்கும். டாக்டர் கையைத் திருப்பிப் பார்ப்பார், தையல் ஆறியிருக்கும், வலிக்குதா என்பார், இவர் இல்லீங்க என்பார், ஃபிட் என்று எழுதிவிடுவார். எதற்கு ஃபிட்? அவருக்குத் தெரியாது. உங்கள் ஷாப்பை அவர் பார்த்ததில்லை. அதனால் அவர் கேட்காமலேயே நீங்கள் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள். உங்கள் பட்டறையில் என்னென்ன வேலை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் கை என்ன செய்கிறது என்பது மட்டும் அதில் இருந்தால் போதும். ஸ்ட்ரிப் (நீளத் தகடு) தள்ளுகிற வேலையா, எத்தனை கிலோ ட்ரே தூக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு உண்டா, தகட்டின் ஓரம் கீறுமா, நின்று செய்வதா உட்கார்ந்து செய்வதா. இதில் எது இப்போதைக்குச் சரி, எது கூடாது என்று குறித்துக் கொடுங்கள் சார் என்று கேளுங்கள். பத்துப் பேர் பின்னால் நின்றாலும் கண்ணெதிரே இருக்கிற தாளைப் பார்த்து டாக்டர் டிக் அடித்துக் கொடுப்பார். நான் போன இடங்களில் மறுத்தவர்கள் குறைவு. கை பிசியோதெரபிக்கு எழுதித் தரும்படியும் அப்போதே கேளுங்கள். தையல் பிரித்தவுடன் வைத்தியம் முடிந்ததென்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆறிய கை வேறு, வேலைக்குத் தேறிய கை வேறு. ஆள்காட்டி விரல் போனவர்கள் நாளடைவில் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பொருளைப் பிடிக்கப் பழகிக்கொள்வார்கள். உங்கள் ஆளுக்கு அந்த நடுவிரலின் நுனியும் இல்லை. போன விரலின் முனையில் லேசாக எதுவாவது தட்டினால் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் காலை ஷிப்டில், சில்லென்று கிடக்கும் இரும்பைத் தொட்டால் உயிர் போகும்.

சில வருடம் முன்பு ஒரு பட்டறையில் இப்படித் திரும்பி வந்த ஒருவரை இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்கார வைத்தோம். சுலபமான வேலை என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். முதல் நாள் அளவெடுக்கும் வெர்னியரைக் கையில் எடுத்தார். தாடையை நகர்த்த கட்டைவிரல் வேண்டும், தாங்கிப் பிடிக்க ஆள்காட்டி விரல் வேண்டும். மூன்று தடவை நழுவி மேஜையில் விழுந்தது. நாலாவது தடவை பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் பேசாமல் அதை வாங்கித் தானே அளந்து அளவைச் சொன்னாள், இவர் இடது கையால் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர் என்னிடம் சொன்னது, “விரல் போனப்பகூட அழலைங்க சார்.” மறுநாள் அந்த மேஜையில் கோ, நோ-கோ கேஜ்களை ஸ்டாண்டில் பொருத்தி வைத்தோம். பீஸை இடது கையால் கேஜில் நுழைத்துப் பார்த்தால் போதும், நுழைந்தால் ஒரு டப்பா, நுழையாவிட்டால் இன்னொரு டப்பா. செலவு ஒன்றும் பெரிதாக ஆகவில்லை. முந்தின நாளே யோசித்திருக்கலாம்.

உங்களிடம் 14 வருடம் இருந்தவரை வாட்ச்மேனாக உட்கார வைக்காதீர்கள், டீ வாங்கவும் அனுப்பாதீர்கள். இரக்கப்பட்டுத்தான் செய்வார்கள், ஆனால் பார்க்கிற 21 பேருக்கும் அதில் ஒரு செய்தி போகும். எந்த டையில் (வெட்டும் அச்சில்) எத்தனை அடிக்குப் பிறகு பர் (ஓரப் பிசிறு) வர ஆரம்பிக்கும், எந்த பஞ்ச் அடிக்கடி உடையும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த விஷயம். முதல் பீஸ் பார்த்து ஓகே சொல்வது, டை ஸ்டோர் கணக்கு, எந்த டை எப்போது சாணைக்குப் போக வேண்டும் என்று அட்டவணை வைப்பது, இதெல்லாம் அவர் செய்யக்கூடியவை. டை செட்டிங் மட்டும் உடனே வேண்டாம். ஸ்பேனரை இறுக்குவதற்கு முழுக் கையும் வேண்டும், நழுவினால் மறுபடியும் அதே கை. இன்னொன்று. அவரைப் பாதுகாப்புக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கையைத் தூக்கிக் காட்ட வைக்காதீர்கள். ஒரு முதலாளி அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் மறு வாரம் வரவில்லை.

முதல் இரண்டு வாரம் அரை நாள் வரட்டும், சம்பளம் முழு நாளுக்குக் கொடுங்கள். வேலைக்கு வந்த நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் வராது, ஆகவே பாதியை நீங்கள்தான் தாங்க வேண்டும். 12 நாளுக்கு 375 ரூபாய் வீதம் 4,500 ஆகும். மூன்றாவது வாரத்திலிருந்து ஷிப்ட் முழுக்க வரலாம். ஓ.டி. மட்டும் ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

சம்பளத்தைக் குறைக்கலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் அது கேள்விக்குள் இருக்கிறது. குறைக்காதீர்கள். நிரந்தர ஊனப்படி வரப்போகிறதே, அதைக் கழித்துக்கொண்டால் என்ன என்றும் யாராவது சொல்வார்கள். அது போன விரலுக்கு வருகிற பணம். வேலைக்குத் திரும்பிய பிறகும் சம்பளத்தோடு சேர்ந்தே வரும், அதில் முதலாளிக்குக் கணக்கு இல்லை. மெடிக்கல் போர்டுக்கு விண்ணப்பிப்பதை அவர் தள்ளிப்போடாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்குத் திரும்பிய சந்தோஷத்தில் அதை அப்படியே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது அந்த பிரஸ். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய வரி, அதில் இப்போது வேறொரு பையன் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான். விபத்துக்குப் பிறகு மெஷினில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. காலால் பெடலை மிதித்து, கையால் பீஸை உள்ளே வைத்து எடுக்கிற முறைதான் இன்னமும் நடக்கிறதென்றால், இன்றைக்கே நிறுத்துங்கள். பழைய கீ கிளட்ச் (சுழலும் சக்கரத்தோடு மெஷினைப் பூட்டும் அமைப்பு) பிரஸ்ஸில் ஒரு மிதிக்கு இரண்டு அடி விழுவது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதி. முதல் அடிக்குக் கையை எடுத்தவன் இரண்டாவதற்கு எடுத்திருக்க மாட்டான். பெடலைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்குகிற மாதிரி இரட்டை பட்டன் போடுங்கள். ஆனால் கீ கிளட்ச்சில் ஒன்றை மறக்கக்கூடாது: ஒருமுறை கிளட்ச் பிடித்துவிட்டால் அந்த அடி பாதியில் நிற்காது. ஆகவே பட்டனை மட்டும் நம்பாமல், டையைச் சுற்றி ஸ்ட்ரிப் நுழைகிற அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டுக் கூண்டு அடியுங்கள். சின்ன பீஸ்களுக்கு சாமணமோ காந்தக் குச்சியோ கொடுங்கள். “சார், இது வெச்சா புரொடக்‌ஷன் வராது” என்று சூப்பர்வைசர் சொல்வார். வராதுதான், முதல் இரண்டு வாரம்.

இவர் அதே பிரஸ்ஸில் உட்காருகிறேன் என்பதை நம்பாதீர்கள். வீம்புக்குச் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன், மனசார நினைத்துத்தான் சொல்வார். வேறொரு பட்டறையில் ஓர் ஆள் இப்படிக் கேட்டானே என்று, தேங்காய் உடைத்து, முதல் நாளே அவனைப் பழைய மெஷினில் உட்கார வைத்தார்கள். நான் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே வேலை செய்தான். ஆனால் ஒவ்வொரு அடி விழும்போதும் கண் தானாக மூடிக்கொண்டது, அவனுக்கே அது தெரியவில்லை. அடி விழும் அந்த நொடியில் கண்ணை மூடுகிறவன் கை எங்கே இருக்கிறதென்று யார் பார்ப்பது? பத்து நிமிஷத்தில் மெஷினை நிறுத்தச் சொன்னேன். உங்கள் ஆளை முதல் சில நாட்களுக்கு பிரஸ் சத்தம் குறைவாகக் கேட்கிற மூலையில் உட்கார வையுங்கள், சத்தத்துக்குத் தோள் தூக்கிப் போடுகிறதா என்று கவனியுங்கள். மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் மனநல டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், அதற்கும் இ.எஸ்.ஐ. உண்டு. பிரஸ்ஸுக்குத் திரும்புவதைப் பற்றி ஆறு மாதத்துக்குப் பேச்சே வேண்டாம். அப்புறமும் அவர் கேட்டால், டாக்டரும் சரியென்றால், கூண்டும் இரட்டை பட்டனும் உள்ள மெஷினில் பார்க்கலாம்.

அவர் மனைவியின் போன்: அதற்கு உங்கள் வீட்டம்மா பதில் சொல்ல வேண்டாம், நீங்கள் சொல்லுங்கள். வேலைக்கு வருவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் அவர்தான், மனைவியல்ல. ஆனால் அந்தப் பெண் பயப்படுவது கம்பெனிக்கு அல்ல, அந்த மெஷினுக்கு. அதில் அவர் உட்காரப் போவதில்லை என்று உங்கள் வாயால் கேட்டால் பாதிப் பயம் போகும். முடிந்தால் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாத நேரத்தில் கூப்பிட்டு, அவர் உட்காரப்போகும் மேஜையைக் காட்டுங்கள்.

நாளைக்கும் எட்டரைக்கு வந்து நிற்பார். கேட்டிலேயே பேசி அனுப்பாமல் ஆபீசுக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்து, முதலில் அந்த 6,000 ரூபாய் விஷயத்தைச் சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைத்து எழுதியது உங்கள் தப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். அடுத்து டிஸ்பென்சரிக்கு என்றைக்குப் போக வேண்டுமென்று கேட்டு, அன்று நீங்களும் கூடப் போங்கள். அவர் கையில் இ.எஸ்.ஐ. புத்தகம், உங்கள் கையில் அந்த ஒரு பக்கத் தாள். டாக்டர் வலிக்குதா என்று கேட்கும்போது இவர் இல்லை என்றுதான் சொல்வார், பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.